ரஷ்ய மேடமும் கம்பளி பூட்ஸும்

ஓசூர் தொழிற்பேட்டையில் ரஷ்யாவுக்கு பூட்ஸ் தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில், செக்கிங் பிரிவில் எனக்கு வேலை. முழங்கால் வரை ஏறும் தோல் பூட்ஸ், உள்ளே கம்பளி. சூளகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். சரக்கைப் பார்த்து முத்திரை குத்துவதற்கென்று மாஸ்கோவிலிருந்து ஒரு பெண்மணி வந்து தங்கியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு தையல் பிசகினாலும் திருப்பிவிடுவார். தையல் லைனில் இருந்த பெண்களுக்கு அவர் ரஷ்ய மேடம். அவர் பக்கத்தில் நின்று ஜோடி ஜோடியாக எடுத்துக் கொடுப்பேன்.

அவரிடம் பேச எனக்கு வேறு ஆசையும் இருந்தது. கிருஷ்ணகிரியில் படித்த காலத்தில், வேனில் கொண்டுவந்து விற்ற ரஷ்யப் புத்தகங்களைத் தமிழில் ஒன்றுவிடாமல் படித்தவள் நான். வழவழத் தாள், கெட்டி அட்டை. பனியில் அணை கட்டுகிற தொழிலாளிகள், போரில் மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள். அந்த நாட்டில் எல்லாரும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன். ரஷ்ய எழுத்துகளைக்கூட ஒரு பாடநூலை வைத்துக்கொண்டு நானே பழகியிருந்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில், எனக்கு மிகவும் பிடித்த நாவலின் கதையை அவரிடம் சொன்னேன். எங்கள் இருவருக்குமே தட்டுத்தடுமாறும் ஆங்கிலம்தான். கேட்டுவிட்டுச் சிரித்தார். பள்ளியில் அதைப் பாடமாக வைத்திருந்தார்களாம், பாதியில் தூங்கிவிடுவாராம். அவர்கள் ஆசைப்பட்ட புத்தகங்களை அரசாங்கம் அச்சிட விட்டதே இல்லை என்றார். மெல்லிய தாளில் கார்பன் வைத்து டைப் அடித்துக் கைமாற்றிக்கொள்வார்களாம். அப்படி டைப் அடித்த ஒரு கதை வீட்டுச் சோதனையில் அகப்பட்டதால் அவருடைய கணவருக்குக் கல்லூரி வேலை போயிற்று. சாகும்வரை பாய்லர் அறையில் கரி அள்ளிப் போட்டார்.

"இப்போது அதே கதையைப் பத்திரிகையில் போடுகிறார்கள். படிக்க அவர் இல்லை" என்றார்.

 அப்படியானால் நான் படித்ததெல்லாம் பொய்யா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். அவருடைய அம்மா போரில் இரண்டு அண்ணன்களை இழந்தவர்; அது பொய் இல்லை, மற்றதைத்தான் உங்கள் ஊருக்கு வந்த புத்தகங்களில் யாரும் எழுதவில்லை என்றார்.

தொண்ணூற்றொன்று ஆகஸ்டில், ஆட்சியைக் கவிழ்க்க வந்த ராணுவ டாங்கிகள் மாஸ்கோ தெருவில் நிற்கும் படம் பேப்பரில் வந்தது. மேனேஜர் அதை அவரிடம் நீட்டினார். வெகுநேரம் பார்த்தார். மகன் அங்கேதான் படிக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஜோடியைக் கேட்டார். மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. நாலாம் நாள் மகனின் குரலைக் கேட்டுவிட்டு வந்தவர், என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

டிசம்பரில் அந்த நாடே பல துண்டாகப் பிரிந்து இல்லாமல் போயிற்று. கம்பெனி அனுப்பிய டெலக்ஸ் செய்திகளுக்குப் பதில் வரவில்லை. அந்த நாட்டின் பழைய பெயர் அச்சடித்த பூட்ஸ் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. லைனில் மூத்தவரான ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"ஊரும் சனமும் அப்படியேதான இருக்குது கண்ணு, நாடு மட்டும் எங்க போவும்?"

மேடத்திடம் சொன்னேன். நாடு எங்கே போயிற்று என்று தனக்கும் புரியவில்லை என்றார்.

ஜனவரியில் அவர் ஊர் திரும்பினார். தையல் பிரிவில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள், பிறகு என்னையும். பூட்ஸ் எல்லாம் குந்தாரப்பள்ளி சந்தைக்கு வந்து சேர்ந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை வயலில் இறங்காமல் ராத்திரி காவல் இருக்கிற விவசாயிகள், பனிக்கு நல்லது என்று வாங்கிப் போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. எனக்குப் புரியவேண்டுமென்று பெரிய பெரிய எழுத்தில், ரஷ்ய மொழியிலேயே எழுதியிருந்தார். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். அவர் வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். மெட்ரோ ரயில் ஸ்டேஷன் வாசலில், துருக்கியிலிருந்து வரும் கோட்டு விற்கிறார். பக்கத்துக் கடையில், கணவர் ஒளித்துவைத்துப் படித்ததெல்லாம் அடுக்கிக் கிடக்கிறதாம். ஒன்று வாங்கியிருக்கிறார். கோட்டு கேட்டு ஆள் வரும்வரை நின்றபடியே படிக்கிறாராம்.

நான் அப்போது வேறொரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். அதை அவருக்குப் பதிலாக ரஷ்ய மொழியிலேயே எழுதிப் போட்டேன். ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆயிற்று.