பல் ஆஸ்பத்திரிக்கு நான் போட்ட பழைய எழுத்து

கொச்சி மட்டாஞ்சேரியில் போர்டு வடிவமைக்கும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, சுக்கும் கிராம்பும் அடுக்கியிருந்த கிடங்குகள் ஒவ்வொன்றாகக் காபிக் கடைகளாகிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் ஒரே ஆசை: "பார்த்தா பழசா இருக்கணும்." போன மாதம் பூசிய சுவருக்கு நூறு வயது ஏற்ற என் கணினியில் ஓர் ஆங்கில எழுத்துரு இருந்தது. தொந்தி வைத்த எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் சுருண்ட வால், பின்னால் நிழல், இடம் கிடைத்தால் ஒரு கொடியும் பூவும். சோடா புட்டிக்கும் மிட்டாய் டப்பாவுக்கும் என்றே பிறந்தது. அதில் தீ விபத்து என்று எழுதினாலும் விருந்துக்குக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும்.

தெருமுனைக் காபிக் கடைக்கு அதில்தான் போர்டு செய்தேன். மறுவாரம் எதிரே இருந்த பல் டாக்டரம்மா வந்தார்.

"மோளே, எனக்கும் அதே எழுத்து மதி," என்றார். மலையாளத்தில் மதி என்றால் போதும்.

"டாக்டர், அது திங்கிற சாமானுக்கு உள்ள எழுத்து. ஆஸ்பத்திரிக்குச் சரிப்படாது."

"பல்லும் திங்கிறதுக்குத்தானே?"

போட்டுக் கொடுத்தேன். என் வாயால் சொல்லக் கூடாது, அழகாகவே இருந்தது.

முதல் நாளே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். வரவேற்பில் இருந்த சேச்சி வழக்கம்போல ஒரு தாளை நீட்டினார். சர்க்கரை உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. இவ்வளவு அக்கறையான கடையா என்று பூரித்துப்போய், எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு, பால் இல்லாத காபி இரண்டு கேட்டார்களாம்.

டாக்டர் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். "ஆளு வருதல்லோ, அது மதி."

அந்தச் சிரிப்பை நிறுத்தியவர் என் மாமா. கன்னம் வீங்கி, இடக்கொச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தார். அந்த டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்ததே நான்தான். காலையில் போன் வந்தது.

"எங்கேடி ஆஸ்பத்திரி? தெருவை மூணு தடவை சுத்திட்டேன். இங்கே ஒரு ஐஸ்கிரீம் கடைதான் இருக்கு."

"அந்த ஐஸ்கிரீம் கடைக்குள்ளேயே போங்க மாமா."

"பல்வலிக்காரனைக் கேலியா பண்றே?" வைத்துவிட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். போர்டுக்கு நேர்கீழே கன்னத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார், கண்ணில் தண்ணீர். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். பல்லைப் பிடுங்கியதும் வாயில் பஞ்சோடு டாக்டரிடம் நெடுநேரம் ஏதோ முறையிட்டார். அதில் 'போர்டு' என்ற சொல் மட்டும்தான் புரிந்தது. டாக்டரைவிட எனக்குத்தான் வெட்கம். வாலும் நிழலும் சரியாக விழுந்தனவா என்று மூன்று நாள் பார்த்தவள், வலியோடு வருகிறவருக்குப் படிக்க வருமா என்று ஒரு நிமிஷம் பார்க்கவில்லை.

அந்த வாரமே, பஸ்ஸில் ஊர்ப்பெயர் எழுதுகிற மாதிரி நேரான எழுத்துக்கு மாற்றினேன். டாக்டருக்கு மனசே இல்லை. பழைய எழுத்தைப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் அறைக் கதவில் ஒட்டச் சொன்னார். அங்கே அது பிரமாதமாக வேலை செய்கிறது. பிள்ளைகள் குதித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். நாற்காலியைப் பார்த்த பிறகுதான் அழுகை.