தேராகின் சிலைக்கடை

எங்கள் சபையின் செகரட்டரி அங்கிளை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனிதர்தான், கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகக் கேக் கொண்டுவந்து கொடுப்பார். கொடுக்கட்டுமே, அதற்காக?

குவைத்தில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி வெள்ளிக்கிழமைதான் நடக்கும். ஊருக்கே அன்றுதான் லீவு என்பதால் கர்த்தரும் ஒத்துக்கொண்டிருந்தார். நாங்கள் குடியிருந்த மங்காஃபிலிருந்து வேனில் போவோம். மலையாளச் சபைக்காரர்கள் ஆராதனை முடித்து அறையைக் காலி செய்ததும் எங்கள் முறை. எங்கள் வகுப்புக்கு அம்மாதான் டீச்சர். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் நேராக வந்து நிற்பாள்.

அந்த வருடம் அம்மா ஆபிரகாமின் சின்ன வயதுக் கதையைச் சொன்னாள். அப்போது அவன் பெயர் ஆபிராம். அப்பா தேராகு சிலை விற்கிறவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு வெளியே போகிறார். பையன் சுத்தியலால் எல்லாச் சிலையையும் உடைத்துவிட்டு, பெரிய சிலையின் கையில் சுத்தியலைச் சொருகி வைக்கிறான். அப்பா வந்து கத்துகிறார். "சாப்பாட்டுச் சண்டைப்பா, பெரியவரு எல்லாரையும் அடிச்சிட்டாரு." "சிலை எங்கயாவது அடிக்குமாடா?" "அப்புறம் ஏம்ப்பா கும்பிடுறீங்க?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கிறிஸ்மஸுக்கு அதையே நாடகமாகப் போடுவது என்று முடிவானது. நான்தான் ஆபிராம்! அதுவரை ஆட்டுக்குட்டிக்கு மேல் எனக்கு எந்த வேடமும் கிடைத்ததில்லை. பால் பவுடர் டின்களை அடுக்கிச் சிலை செய்தோம்.

ஒத்திகையின்போது செகரட்டரி அங்கிள் எட்டிப் பார்த்தார். "சிஸ்டர், இது எந்த அதிகாரம், எந்த வசனம்?"

அம்மா வேதத்தைப் புரட்டினாள். ஆதியாகமத்தில் தேராகு இருந்தார், கடை இல்லை. யோசுவாவில் அவர் வேறே தேவர்களைச் சேவித்தார் என்று ஒரு வரி, அவ்வளவுதான். "மார்த்தாண்டத்துல, சின்னப்பிள்ளையா இருக்கப்ப லீவுல நடக்கிற வேதப் பள்ளி, வி.பி.எஸ்ல கேட்டது பிரதர்..."

"இது அரபிப் பிள்ளைங்க குர்ஆன்ல படிக்கிற கதை சிஸ்டர். வேதத்துல இல்லாததை நம்ம பிள்ளைங்க வாயில வைக்கலாமா? கலாஸ்."

கலாஸ் என்றால் முடிந்தது. நாடகம் மட்டுமா, அடுத்த வெள்ளி அம்மாவின் வகுப்பும் வேறொரு ஆன்ட்டிக்குப் போனது. தூக்கத்தைத் தொலைத்துவிட்டு வந்தவளுக்குச் சபை கொடுத்த மரியாதை! வேனில் வீடுவரை அழுதேன். "ஏம்மா சண்டை போடல?" "இல்லாததை எங்கேருந்து மக்களே எடுத்துக் காட்ட?" என்றாள்.

என்னைச் சமாதானப்படுத்த வேறு நாடகத்தில் வேடம் தந்தார்கள். அங்கிளே எழுதிய வசனம். நான் பெத்லகேம் சத்திரக்காரன். தாடி, தலைப்பாகை, கையில் கம்பு. நிறைமாதமாக வந்து நிற்கும் மரியாளைப் பார்த்து, "இடமும் இல்ல, மடமும் இல்ல! மாட்டுத் தொழுவத்துல போய்க் கிட!" என்று விரட்டவேண்டும். உள்ளே கிடந்த ஆத்திரத்தையெல்லாம் கொட்டிக் கத்தினேன். மரியாள் நிஜமாகவே அழுதுவிட்டாள். சபை கைதட்டியது. அங்கிள் எழுந்து நின்றே தட்டினார். கடைசி வரிசையில் அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளுக்காகத்தான் அப்படிக் கத்தினேன், அவளே கேலி செய்கிறாளே என்று வீட்டுக்கு வந்தும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கல்லூரியில் படிக்கும்போதுதான் தேராகின் கடை மறுபடி அகப்பட்டது. வேதம் சொல்லாமல் விட்ட இடங்களில் நின்று கேள்வி கேட்டு, பதிலைக் கதையாகச் சொன்னவர்கள் யூத மதகுருக்களான ரபிகள். அந்தக் கதைகளை மித்ராஷ் என்பார்கள். இடைக்காலம் முழுக்க அவற்றைத் தொகுத்தும் மாற்றியும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எழுபத்தைந்து வயதில் தேவன் அழைத்ததும் கிளம்பிப்போன ஆபிராம் அதற்குமுன் என்ன செய்துகொண்டிருந்தான்? அந்தக் கேள்விக்குப் பிறந்த கதை அது. அரபிப் பிள்ளைகள் கதையாம்! அங்கிள் எதிரில் இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

அந்தச் சூட்டோடு, இயேசு பிறந்த கதையைச் சொல்லும் லூக்காவையும் எடுத்துப் பார்த்தேன். சத்திரத்தில் இடமில்லை என்று அரை வரி இருக்கிறது. சத்திரக்காரன் என்று ஒரு ஆளே இல்லை; இல்லாதவன் பேச்சை என் வாயில் வைத்தது அங்கிள்தான். வேதத்தை வரி வரியாகப் படித்த அம்மாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, தாடியும் கம்புமாக மேடையில் நின்று அவளை முறைத்துக்கொண்டிருந்தேன்.