கிருஷிகனின் வலது தோள்

என் தம்பி கிருஷிகனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. இருபது வயது, ஆறடிக்கு மேல் உயரம், நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. ரக்பி மைதானத்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் ஓடி வந்தால், எதிரில் நிற்கிற வளர்ந்த ஆண்கள் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். அதே ஆள் வீட்டிலும் கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் யார் எதைச் சொன்னாலும் "ஓம்" என்பான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் வீட்டு ஆண்டி நூறு கிலோ. சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நோர்வேயில் ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் வளர்ந்த நாளிலிருந்து இதே கதைதான். யாராவது சோபா ஏற்ற வேண்டுமா, மண்டபத்தில் கதிரை அடுக்க வேண்டுமா, கூப்பிடு தில்லைநாதனின் மகனை. வேலை முடிந்ததும் அதே வாயால் குண்டன் என்பார்கள். "என்ன தங்கச்சி, இவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை சுண்டு அரிசி?" என்று அம்மாவிடம் கேட்டுச் சிரிப்பார்கள். அம்மாவும் கூடச் சிரிப்பா. தமிழ் விளையாட்டுக் கழகத்தில் அவனை உதைபந்தாட்டத்துக்குச் சேர்த்தார்கள். கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தினார்கள், ஓட விடவில்லை. கயிறு இழுத்தல் வந்தால் மட்டும் கடைசி ஆளாக அவன் இடுப்பில் கயிற்றைச் சுற்றினார்கள். வென்றால் கோப்பையோடு படம் எடுப்பார்கள். அந்தப் படங்களில் அவன் ஓரத்தில் நிற்பான், பாதி ஆள் வெட்டுப்பட்டிருக்கும்.

குழாய் வேலை பழகப் போன இடத்தில்தான், கூடப் படித்த ஒருவன் அவனை ரக்பி லீக் பயிற்சிக்குக் கூட்டிப் போனான். நோர்வேயில் அந்த விளையாட்டைப் பார்க்க வருகிறவர்களைவிட, மைதானத்தைச் சுற்றி நாய் கொண்டு நடக்கிறவர்கள் அதிகம். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தை முன்னால் எறியக் கூடாது, கையில் கொண்டுதான் போக வேண்டும். முன்வரிசைக்காரன் எதிரணிச் சுவரில் நேராகப் போய் மோத வேண்டும். விழுந்து எழும்பி, திரும்ப மோத வேண்டும். பந்து மற்றவன் கைக்குப் போய்விட்டால், ஓடி வருகிறவனுக்குத் தோளைக் கொடுத்து விழுத்த வேண்டும். கைதட்டல் எல்லாம் ஓரத்தால் ஓடிப் புள்ளி எடுக்கிற மெல்லியவர்களுக்கு.

பயிற்சியாளர் வட இங்கிலாந்துக்காரர், பகலில் தச்சு வேலை செய்கிறவர். முதல் நாளே கிருஷிகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த உடம்பை இவ்வளவு நாளும் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டாராம். அன்று வீட்டுக்கு வந்து அதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். பிறந்ததிலிருந்து தன் உடம்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்காதவன் வேறு என்ன செய்வான்? இரண்டு வருடம் பனியிலும் சேற்றிலும் உழைத்தான். குழாய்களைத் தோளில் சுமந்து வேலை செய்துவிட்டு, சாப்பிடாமல்கூடப் பயிற்சிக்கு ஓடினான். அப்பா ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. அவருக்கு அது வெள்ளைக்காரனுடைய மாட்டுச் சண்டை.

இந்தக் கோடையில் முதல் அணியில் ஒரு முன்வரிசை இடம் காலியானது. இரண்டு பேர் போட்டியில் நின்றார்கள்: கிருஷிகனும், மாக்னுஸ் என்ற நோர்வே இளைஞனும். ஒரு சனிக்கிழமை காலை தேர்வு ஆட்டம் வைத்து, அதன் முடிவில் பெயர் சொல்வதாகப் பயிற்சியாளர் அறிவித்தார். அந்தச் சனிக்கு முதல் நாள் எங்கள் பிள்ளையார் கோயிலில் ஏழாம் திருவிழா. அந்த நாள் பூசையும் செலவும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் உபயம். இந்த வருடம் உபயகாரர் அப்பா.

கோயில் என்றால் கோபுரமும் வீதியும் இல்லை. டயர் கடைக்கும் கம்பளக் களஞ்சியத்துக்கும் நடுவில் ஒரு தகரக் கட்டடம். அதன் நிர்வாகத் தலைவர் கனகரத்தினம், கும்பகோணத்திலிருந்து புதிதாக ஒரு கைலாச வாகனம் செய்வித்துக் கொள்கலனில் இறக்கியிருந்தார். பத்துத் தலை இராவணன் மலையைத் தூக்குகிற வாகனம். இராவணனையும் மலையையும் சேர்த்துத் தூக்க எங்களில் எத்தனை பேருக்குத் திராணி இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. ஒத்திகை பார்த்த அன்றே இரண்டு பேருக்கு இடுப்பு வலி வந்து, பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

சாமியைத் தோளில் காவுவதற்கு ஆள் உயரம் பார்த்து நிறுத்த வேண்டும். நெட்டையனும் குட்டையனும் கலந்து நின்றால், குட்டையன் தோளில் வாகனத் தண்டு படவே படாது. அவன் கையை உயர்த்திப் பிடித்தபடி சும்மா நடப்பான், பாரம் முழுவதும் நெட்டையன் தோளில் இறங்கும். கிருஷிகன் உயரத்துக்குக் கோயிலில் இன்னொரு ஆள்தான் உண்டு. கனகரத்தினத்தின் மகன் விதுஷன். உடற்பயிற்சிக்கூடத்தில் கண்ணாடிக்கு முன்னால் வளர்த்த உடம்பு.

ஒரு கிழமைக்கு முன்பே நான் அப்பாவிடம் பேசினேன். கிருஷிகன் எனக்குப் பின்னால் நின்றான். அவன் திருவிழாவுக்கு வருவான், கும்பிடுவான், காவமாட்டான் என்றேன். அப்பா முகத்தைச் சுளித்தாலும் சம்மதித்தார். கனகரத்தினமும், முன்தண்டில் வலது பக்கம் விதுஷன் நிற்பான் என்று வாக்குக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை தூறியது. வெளிவீதி என்று நாங்கள் சொல்லிக்கொள்கிற கார்த் தரிப்பிடம் முழுக்கத் தண்ணீர். பூசை முடிந்து வாகனம் எழும்புகிற நேரம் பார்த்தால் விதுஷன் பட்டு வேட்டியோடு, நீட்டுக் கம்பில் பொருத்திய கமராவைப் பிடித்தபடி நிற்கிறான். நேரடி ஒளிபரப்பாம், கனடாவில் சனம் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். தகப்பன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"உபயகாரர் தில்லைநாதன்ரை மகன் எங்கை? தம்பி, முன்னுக்கு வாரும். சாமி காத்துக்கொண்டு நிக்குது."

முழுச் சனமும் திரும்பிப் பார்த்தது. நான் அப்பாவிடம் போய், நீங்கள் சொன்ன சொல் என்ன ஆச்சு என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"உபயகாரன்ரை பிள்ளை சும்மா நிக்க, ஊரான் வந்து காவுறதே? மானம் போகுது பிள்ளை, விலகு."

நான் திரும்பினேன். கிருஷிகன் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டான். அப்பாவின் ஒரு பார்வை போதும் அவனுக்கு, இழுத்த பக்கம் போகிற கோயில் மாடு. அந்த நேரம் அப்பா மேல் வந்ததைவிட அவன் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

பக்கத்துத் தண்டில் நின்றவர் ஜெயரத்தினம் அண்ணை. நல்ல மனிதர், ஆனால் கிருஷிகனின் நெஞ்சு மட்டம்தான். பின்னால் நின்றவர்களும் அப்படியே. நாதஸ்வரக்காரர் மல்லாரியிலிருந்து துள்ளிசைக்கு மாறினார். வாகனத்தை ஆட்டுங்கோ, இன்னும் ஆட்டுங்கோ என்று கனகரத்தினம் ஒலிவாங்கியில் ஏவினார். விதுஷன் குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து படம் பிடித்தான். களஞ்சிய மூலையில் திரும்பும்போது பின்னால் ஒருவர் ஈரத்தில் சறுக்கினார். வாகனம் முழுவதும் கிருஷிகன் நின்ற முன்வலப் பக்கம் சரிந்தது. கிருஷிகனின் வாய் திறந்ததைப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. சாமியைக் கீழே போட்டவன் என்ற பெயர் எங்கள் சனத்திடம் ஏழு தலைமுறைக்கும் போகாது, அது அவனுக்குத் தெரியும். வாசல் வரைக்கும் கொண்டுவந்து இறக்கினான். சிங்கத் தோள் என்று சொல்லிக் கனகரத்தினம் அதே தோளில் தட்டினார்.

மறுநாள் காலை நான்தான் அவனை மைதானத்துக்கு ஏற்றிப் போனேன். இருக்கைப் பட்டியை இடது கையால் எட்டி இழுத்து மாட்டினான். நான் பார்த்துவிட்டேன். பயிற்சியாளருக்கு இப்போதே தொலைபேசியில் சொல் என்றேன். சொன்னால் இறங்க விடமாட்டார்கள், இரண்டு வருடம் வீணாகிவிடும் என்றான். வழி நெடுக அவனைத் திட்டினேன். அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

பந்தை இடது கையில் வைத்துக்கொண்டு அவன் ஓடிய முதல் ஓட்டங்களைப் பார்த்தவர்கள் இடம் இவனுக்குத்தான் என்றுதான் நினைத்திருப்பார்கள். இரண்டு பேரை முதுகில் சுமந்தபடி முன்னேறினான். பயிற்சியாளர் தலையை ஆட்டினார். என் வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்தது போல இருந்தது. பிறகு பந்து மற்றப் பக்கத்துக்குப் போனது. ஒருவன் நேராக இவனுடைய வலப் பக்கம் பார்த்து ஓடி வந்தான். தோளைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கிருஷிகன் கையை நீட்டினான். ஓடி வந்தவன் அதைப் பிய்த்துக்கொண்டு போய், பக்கத்தில் வரிசையில் நின்ற மாக்னுஸின் முகத்தில் முழுவேகத்தில் மோதினான். மாக்னுஸ் எழும்பும்போது உதடு கிழிந்து இரத்தம் வடிந்தது.

பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி வந்து கிருஷிகனின் தோளில் விரலை வைத்தார். அவன் சுருண்டு போனான். அந்த மனிதர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். நோவு வருவது குற்றமில்லை என்றார். அதை மறைத்துக்கொண்டு வரிசையில் நின்றதுதான் குற்றம். பக்கத்தில் நிற்கிறவன், அங்கே ஒரு ஆள் இருக்கிறான் என்று நம்பி நிற்கிறான் என்றார். எப்படி வந்தது என்று கேட்டார். வேலையில் என்று கிருஷிகன் பொய் சொன்னான். கோயிலில் சாமி காவியது என்று நான் சொன்னேன். வரமாட்டேன் என்று சொல்ல முடியாதா என்று அவர் கேட்டார்.

இடம் மாக்னுஸுக்குப் போனது. கிருஷிகனுக்கு ஒரு நிபந்தனை: ஆறு கிழமைக்கு எந்தத் தோளிலும் எதையும் ஏற்றக் கூடாது. சொன்னபடி இருந்தால், முதல் அணியின் மாற்று ஆட்களில் ஒருவனாக அவனுக்கு இடம் வைத்திருப்பார். எதையாவது தூக்கினான் என்று காதில் விழுந்தால், இனி மைதானப் பக்கம் வர வேண்டாம்.

அவசர வைத்தியத்துக்குப் போய், தோள்மூட்டு நார் கிழிந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, கையைத் தூளியில் கட்டி வீட்டுக்கு வந்தோம். அம்மா சோறு போட்டா. பயிற்சியாளர் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டு இருந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, அதை நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் தொலைபேசி அடித்தது. கனகரத்தினம். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகப் போட்டுத்தான் கதைப்பார்.

அன்று பின்னேரம் வேட்டைத் திருவிழா, ஆள் காணாதாம். தம்பிக்கு நோவென்று கேள்விப்பட்டேன், சாமி காவினவனுக்கு ஒரு குறையும் வராது என்றார். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

"வலது தோள்தானே, தில்லை? இடது தோள் நல்லாத்தானே இருக்கு. மற்றப் பக்கம் விடுவம். இண்டைக்குக் குதிரை வாகனம், பாரம் குறைவு."

நான் கத்தத் தொடங்க முன்பே கிருஷிகன் இடது கையை உயர்த்தி என்னை நிறுத்தினான்.

"ஏலாது மாமா. நான் வரேல்லை."

இருபது வருடத்தில் அவன் வாயில் அந்தச் சொல்லை நான் முதல்முறை கேட்டேன். அப்பாவோடு கதைத்து முடிவு சொல்லச் சொல்லிவிட்டுக் கனகரத்தினம் வைத்துவிட்டார்.

அப்பாவின் முகம் கறுத்தது. சபையில் தலை குனிய வைத்துவிட்டாய் என்றார், நாட்டைவிட்டு வந்து இந்த மரியாதை ஒன்றைத்தான் சேர்த்தேன் என்றார். கடைசியாக அப்பா எழும்பினார்.

"அப்ப நான் காவுறன். ஐம்பத்தெட்டு வயசிலை நான் போய்க் காவுறன். சனம் பாக்கட்டும்."

எங்கள் வீட்டில் இதற்கு மேல் ஆயுதம் இல்லை. இதை எடுத்தால் எல்லோரும் விழுவோம். அம்மா அழத் தொடங்கினா. "தம்பி, அப்பான்ரை நாரி நோவைப் பற்றித் தெரியும்தானே" என்றா. கிருஷிகன் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினான். எல்லாம் முடிந்தது, வேட்டியைத் தேடப் போகிறான் என்று நினைத்தேன்.

அவன் அறைக்குள் போய் ஒரு பழைய துவாயை எடுத்து வந்தான். ஒற்றைக் கையால், மேசையில் வைத்து, தடிப்பாக மடித்தான். சரியாக வரவில்லை, பிரித்துத் திரும்ப மடித்தான். உதவிக்குப் போன என் கையைத் தட்டிவிட்டான். பிறகு அதை அப்பாவிடம் நீட்டினான்.

"இதைத் தோளிலை வையுங்கோ அப்பா. தண்டு எலும்பிலை இருந்தா நார் அறும்."

அப்பா துவாயை வாங்கினார். கிருஷிகன் திரும்ப வந்து இருந்து, ஆறிப்போன சோற்றை இடது கையால் சாப்பிட்டான்.