யாரும் கேட்காத கிடா: உசிலம்பட்டியிலிருந்து சின்னமனூருக்கு ஒரு நாள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் பொறாமை. ஆனி மாசத்துச் சாரல், மேகமலைக் காற்று என்று எதையாவது சொல்லி ஆரம்பிக்கலாம்தான். ஆனால் நான் கிளம்பியது என் சகலை முருகேசனின் ஆட்டுப்பட்டியைப் பார்க்க. முடிந்தால் அங்கிருந்து ஒரு பொலிகிடா, அதாவது பெட்டைகளோடு சேர விடுவதற்கென்றே வளர்க்கிற கிடா, வாங்கி வரவும் எண்ணம். ஆடு வளர்ப்பவர்கள் யாராவது அந்தப் பக்கம் போக நினைத்தால் உதவுமே என்று எழுதுகிறேன்.

என் மனைவி பாண்டியம்மாவின் தங்கச்சி செல்வியைக் கட்டியவர் முருகேசன். நான் உசிலம்பட்டிப் பக்கம் பன்னிரண்டு வருசமாக ஆடு வளர்க்கிறேன். அவர் ஆரம்பித்து நாலு வருசம்தான் ஆகிறது. முதலில் எல்லாம் குட்டிக்குக் கழிச்சல் கண்டால்கூட எனக்குத்தான் போன் வரும். இப்போது அவர் பட்டியில் மூன்று மாசக் குட்டி பதினைந்து கிலோ நிற்கிறதாம். என் பட்டியில் அதே வயசுக் குட்டி ஒன்பதைத் தாண்டுவதில்லை, வருசா வருசம் இன்னும் சுருங்கிக்கொண்டே வேறு வருகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் குட்டிகளின் போட்டோ வந்தால், ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

பாண்டியம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். "இந்த வருசமும் குட்டி எலி மாதிரியே விழுந்துச்சுன்னா, மொத்தத்தையும் வித்துப்புட்டு வேற சோலியப் பாப்போம். இல்ல, முருகேசுகிட்ட ஒரு கிடா கேளுங்க. வாயத் திறந்து கேட்டா தர மாட்டேன்னா சொல்லப்போறாக?" அந்த வாயைத் திறப்பதுதான் பிரச்சினை. நான் சொல்லிக் கொடுத்து ஆடு வளர்க்கக் கற்ற ஆளிடம் போய், ஒரு கிடா கொடுங்க என்று எந்த முகத்தோடு நிற்பது?

கிளம்புகிற அன்று வேப்பமரத்தடியில் செவலைக் கிடாக்குட்டி ஒன்று அகத்திக்கீரை தின்றுகொண்டிருந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் சினையாக வாங்கி வந்த ஒரு பெட்டை போட்ட குட்டி அது. இந்த வருசம் என்னிடம் தேறிய ஒரே உருப்படி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். சீர்த்தட்டோடு ஒரு கிடாவும் போகவேண்டும், அதற்காகத் தனியாகக் கட்டிப் போட்டு வளர்த்தது.

உசிலம்பட்டியில் காலை 5.40-க்கு தேனி பஸ். 38 கிலோமீட்டர், டிக்கெட் 35 ரூபாய். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் சன்னலைச் சாத்திவிடுங்கள், ஆனிக் காற்று முகத்தில் மண்ணை அள்ளி வீசும். 6.55-க்கு தேனி. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நாலு இட்லி, ஒரு வடை, ஐம்பது ரூபாய். அங்கிருந்து சின்னமனூர் 24 கிலோமீட்டர், 25 ரூபாய், முக்கால் மணி நேரம். வீரபாண்டி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் வாழையும் தென்னையும் நெல்லுமாக இருக்கும். எங்கள் பக்கம் கிணற்றில் கயிறு விட்டால் கயிறுதான் முடியும், தண்ணீர் தட்டுப்படாது. அந்தப் பச்சையைப் பார்த்ததுமே எனக்கு வயிறு காந்த ஆரம்பித்துவிட்டது.

சின்னமனூரில் ஆட்டோக்காரரிடம் தோட்டம் இருக்கும் இடத்தை விளக்கப் போனேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

"ஆட்டுக்கார முருகேசன் தோட்டந்தானே? ஏறுங்க. நேத்துகூட குமுளிப் பக்கமிருந்து ரெண்டு பேர் வந்தாக, நாந்தான் கொண்டாந்து அங்கன விட்டேன்."

"எதுக்கு வந்தாக?"

"குட்டிக்குச் சொல்லி வைக்கத்தான். இப்பச் சொன்னா ஆறு மாசம் ஆகுமாம்."

பன்னிரண்டு வருசத்தில் என் வீட்டுக்கு வழி தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர்கூட இல்லை. பொட்டிப்புரம் போகிற திசையில் ஒன்பது கிலோமீட்டர், 200 ரூபாய். பேரம் பேசுகிற மனநிலையில் நான் இல்லை.

தோட்டத்து வாசலில் ஒரு தொட்டியில் மருந்துத் தண்ணீர். செருப்பை அதில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். "எல்லாருக்கும் அதே சட்டந்தாண்ணே, கோவிச்சுக்காதீக" என்று முருகேசன் சிரித்தார். செல்வி டீ கொண்டுவந்தாள். ஆட்டுப்பால் டீ. குறை கண்டுபிடிக்கலாம் என்று மோந்து பார்த்தேன், வாடையே இல்லை. தினமும் ஒரு பெட்டையிடம் குட்டி குடித்தது போக ஒன்றரை லிட்டர் கறக்கிறாளாம். என் ஆடுகள் குட்டிக்கே மடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஜாதி.

தரையிலிருந்து நாலடி உயரத்தில் மரச்சட்டம் அடித்த பரண். ஒவ்வொரு ஆட்டின் காதிலும் மஞ்சள் நம்பர் தோடு. சுவரில் ஒரு கரும்பலகை. அதில் எந்த நம்பர் பெட்டை எத்தனை குட்டி போட்டது, பிறந்த அன்று எவ்வளவு எடை, மூன்று மாசத்தில் எவ்வளவு, தாய்க்கு எவ்வளவு பால் என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. பழைய சேலையில் முருகேசன் தூளி கட்டி, அதில் குட்டியைப் போட்டு, தொங்கு தராசில் மாட்டி நிறுத்தார். பதினாலு எண்ணூறு. அடுத்தது பதினைந்து நூறு. தராசு பழுதாக இருக்குமோ என்று எனக்கு ஒரு ஆசை. அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது செல்விக்கென்று வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு கிலோ நிலக்கடலைப் பையை மாட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது.

"எந்தக் கிடாக்குட்டிய வச்சுக்கிறதுன்னு எப்படி முடிவு பண்றீக?" என்று கேட்டேன்.

"குட்டியப் பார்த்து இல்லண்ணே, ஆத்தாளப் பார்த்து. அவ ரெட்டைக் குட்டி போட்டிருக்கணும், ரெண்டுக்கும் பால் பத்தணும். அப்புறந்தான் குட்டியோட எடை. பதினேழு கிடாக்குட்டி பொறந்தா ஒண்ணு நிக்கும். மிச்சத்துக்கெல்லாம் காயடிச்சு கறிக்கு அனுப்பிருவேன். நல்லதை எம்புட்டு கேட்டாலும் கறிக்குக் குடுக்கிறதில்ல."

"அது தலைச்சேரி ஆடு, அதான் இப்படி வளருது" என்றேன். மலைக்கு அந்தப் பக்கத்து ஜாதி, அதில் இவர் திறமை என்ன இருக்கிறது என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன்.

"பெட்டைகதான் தலைச்சேரி. கிடா நம்ம பக்கத்துக் கிடாதாண்ணே. கறி புடிக்கிற உடம்பு அவன் கொடுக்கிறது." சொல்லிவிட்டு ஏனோ தரையைப் பார்த்தார்.

பரணுக்குப் பின்னால் தனிக் கொட்டடியில் நின்றான் அந்தக் கிடா. கன்னங்கரேல் என்று, இடுப்பு உயரம், முதுகு கட்டில் சட்டம் மாதிரி நேராக. இவனைத்தான் கேட்கவேண்டும், இவன் குட்டியையாவது கேட்கவேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே பக்கத்தில் போனேன். அவன் தலையைத் திருப்பினான். இடது காதின் நுனியில் கிளிமூக்கு மாதிரி ஒரு வெட்டு.

அந்த வெட்டு நான் போடுவது. என் பட்டியில் பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் பத்தாம் நாள் நானே போடுகிற அடையாளம்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

முருகேசன் செல்வியைப் பார்த்தார். செல்விதான் சொன்னாள். "மச்சான், இன்னைக்குச் சொல்லிப்புடுறேன். நம்ம பயலுக்குக் காது குத்துனப்ப நீங்க கொண்டாந்த கிடா இது. கொண்டாந்து கட்டுன அன்னைக்கே இவுக தூளியில போட்டு நிறுத்துட்டாக. அஞ்சு மாசத்துல இருபத்தி நாலு கிலோ. அதுக்கப்புறம் கத்தி வைக்க மனசு வரலைன்னு, விடியக்காலையில சந்தைக்குப் போய் வேற கருப்புக் கிடா புடிச்சாந்து வெட்டிட்டாக. உங்ககிட்டச் சொன்னா, சீர்க்கிடாவ வெட்டலன்னு சண்டைக்கு வந்திருப்பீக."

வந்திருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. அந்த விருந்தில் மூன்று தரம் கறி வாங்கிச் சாப்பிட்டு, "எங்க கிடா கறி எப்படி?" என்று பந்தி பந்தியாகக் கேட்டவன் நான். மூன்று வருசமாக அந்தக் கறிப் பெருமையைப் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன். சந்தைக் கிடாவைத் தின்றுவிட்டு.

கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். பொறாமைதான் வந்தது, அதுவும் முன்னைவிட இரண்டு மடங்கு. அவரிடம் இருப்பது கேரளத்துச் சரக்கு என்றால்கூட மனசை ஆற்றிக்கொள்ளலாம். இது என் வீட்டுக் கொட்டகையில் பிறந்தது. சபையில் என் சீர் பெரிசாகத் தெரியவேண்டும் என்று இருந்ததிலேயே நல்லதை நானே கழுத்தில் மாலை போட்டு இழுத்து வந்தேன். அந்தச் சீர் மட்டுமா? கோயிலுக்கு நேர்ந்து விட்டது, பக்ரீத்துக்கு வியாபாரி தேடி வந்து பிடித்தது, மச்சினன் வீட்டு விசேசத்துக்குப் போனது, எல்லாமே அந்தந்த வருசத்தில் முதல் தரம். கடைசியில் யாரும் கேட்காத ஒரு நோஞ்சான் மிஞ்சும். அதுதான் என் பெட்டைகளோடு சுற்றும். பன்னிரண்டு வருசமாக யாருக்கும் வேண்டாத கிடாவுக்கே குட்டி எடுத்துவிட்டு, குட்டி ஏன் சுருங்குகிறது என்று தீவனத்தைத் திட்டியிருக்கிறேன்.

மத்தியானம் சோறு, கருவாட்டுக் குழம்பு. மூன்று மணிக்கு ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். "முருகேசு, இவன் குட்டியில ஒண்ணு எனக்குத் தாங்களேன்." காலை ஒன்பது மணியிலிருந்து ஒத்திகை பார்த்த வார்த்தை.

"தாராளமாத் தரலாம்ணே. ஆனா உங்களுக்கு ஆகாது. உங்க பட்டியில பாதி இவன் ஆத்தா வழிதானே? இவன் அக்கா தங்கச்சிமாரு, அதுக மக்க எல்லாம் உங்ககிட்டத்தான நிக்குது."

"அதனால என்ன? இவன் மகனுக்கு இவன் தங்கச்சி மக அத்தை மகதானே. முறைதானே ஆகுது."

முருகேசனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்த முறையெல்லாம் நமக்குண்ணே. ஆட்டுல அது ஒரே ரத்தம். ரெண்டு ஈத்துக் குட்டி நல்லா வரும், அப்புறம் குட்டி கோணல் மாணலா விழும். எனக்கே அந்தச் சிக்கல்தான். அடுத்த வருசம் இவனை இவன் மக்ககூட விட முடியாது. வெளியில நல்ல கிடாவுக்கு எட்டு மாசமா அலையுறேன், ஒண்ணும் தேறல. ஏண்ணே, உங்க வழி ஆடு இல்லாம, வெளி ஆட்டுக்குப் பொறந்த கிடா ஒண்ணுகூட உங்ககிட்ட இல்லையா?"

"இல்ல" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் வேப்பமரத்தடி ஞாபகம் வந்தது. சந்தையில் சினையாக வாங்கிய பெட்டை. தாயும் வெளி, தகப்பனும் வெளி. இரட்டையில் ஒன்று, இரண்டும் பால் குடித்துப் பிழைத்தன. ஞாயிற்றுக்கிழமை அது வெட்டுப்படப் போகிறது.

ஆனால் முருகேசனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார். என் புத்தி அப்படி, என்ன செய்ய? ரோட்டுக்கு வந்து நின்று பாண்டியம்மாவுக்கு போன் போட்டேன்.

"செவலையச் சீருக்குக் குடுக்க வேண்டாம்."

"பைத்தியமா புடிச்சிருக்கு? ஊருக்கே தெரியும் அதத்தான் கொண்டு வர்றோம்னு. சின்னதக் கொண்டுபோய்க் கட்டுனா சபையில என்ன சொல்லுவாக?"

"சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சொன்னார்கள்தான். நோஞ்சானை வெட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டினேன். பந்தலில் ஒருவர், "தாய்மாமன் வீட்ல இந்த வருசம் பஞ்சம் போல" என்று என் காதுபடப் பேசினார். தங்கச்சி என் முகத்தைப் பார்க்காமலே தாம்பூலம் கொடுத்தாள். மருமகளை மடியில் வைத்துக் காது குத்துகிறபோது அவளைவிட எனக்குத்தான் கண் கலங்கியது. தங்கச்சியிடம் இன்றுவரை காரணம் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். மொத்தச் செலவு, போக வர, சாப்பாடு சேர்த்து 570 ரூபாய். திரும்பும்போதும் ஆட்டோவை அதே வாடகைக்கு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்த ரோட்டில் சாயங்காலம் வண்டி கிடைப்பது கஷ்டம். சந்தைக்குப் போன செருப்போடு எவர் பட்டிக்குள்ளும் நுழையாதீர்கள். பழைய சேலையும் ஒரு தொங்கு தராசும் இருந்தால் போதும், நீங்களும் இன்றைக்கே ஆரம்பிக்கலாம். உங்கள் பட்டியில் எந்தக் கிடாவை எல்லோரும் கேட்கிறார்களோ அதை மட்டும் இரண்டு வருசத்துக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள், சாமிக்கும் சம்பந்திக்கும் தவணை சொல்லிவிடுங்கள்.

காதுகுத்து முடிந்து முருகேசனும் செல்வியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேப்பமரத்தடியில் செவலையைப் பார்த்ததும் முருகேசன் நின்றுவிட்டார். பையிலிருந்து சேலையையும் தராசையும் எடுத்தார், கல்யாணத்துக்குப் போனாலும் கொண்டுதான் போவார் போலிருக்கிறது. நிறுத்தார். பல்லைப் பார்த்தார். தாயின் மடியைப் பார்த்தார். நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். அந்த முகத்தில் வயிற்றெரிச்சல் வருகிறதா என்று கூர்ந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அண்ணே, அருமையான குட்டி. வளந்ததும் என் பெட்டைகளுக்கு ஒரு ஈத்துக்கு விடுவீகளா?" என்று கேட்டார். ஒரு தயக்கம் இல்லை, ஒத்திகை இல்லை, பார்த்தார், கேட்டுவிட்டார்.

சரி என்று சொன்னேன். அவ்வளவு சுளுவாக ஒரு மனுசனால் கேட்க முடிகிறதே என்று அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.