லினக்ஸை அழித்தவள்

மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று அதை நடத்திய சார் நம்பினார். ஜன்னலைச் சாத்தி ஏசி போட்ட அறையில் எங்கள் எல்லோருடைய கால் வியர்வையும் ஒன்றாக நாறும். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் முதல் வாரம் படித்தேன். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் டிகிரி முடித்துவிட்டு ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் திருத்தணிக்கு வந்து அங்கே படித்தேன். நைனா விசைத்தறி ஓட்டுகிறவர். கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு சாமி மாதிரி. அதைச் சொல்லித்தரும் அந்த சார் பூசாரி மாதிரி.

சென்டரில் உருப்படியான மெஷின் ஒன்றுதான். அதில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருந்தன. சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டின் பெயரும் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். இதை அமைத்துக் கொடுத்த வாத்தியார் வேலை கிடைத்து சென்னைக்குப் போய்விட்டார். சாருக்கு லினக்ஸில் ஒன்றும் தெரியாது. வாசல் போர்டில் மட்டும் அந்தப் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார். எங்கள் வகுப்பின் பிராஜெக்ட் எல்லாம் அந்த லினக்ஸ் பக்கத்தில்தான் இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் அதில் கடைசியாக உட்கார்ந்தவள் நான். ஒழுங்காக அணைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை சுவிட்சைப் போட்டால் அந்தக் கறுப்புத் திரையே வரவில்லை. நேராக விண்டோஸ் வந்து நின்றது. லினக்ஸைக் காணோம்.

"கடைசியா உக்காந்தது யாரு?" என்று சார் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"லினக்ஸையே அழிச்சிட்டியேம்மா!"

"நான் அழிக்கல சார்."

"பின்ன பூதம் வந்து அழிச்சிட்டுப் போச்சா?"

தினமும் என் டப்பாவிலிருந்து சோறு எடுத்துச் சாப்பிடும் தோழி நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுடைய பிராஜெக்டும் அதில்தான் இருந்தது.

நான் கீபோர்டில் கை வைத்தேன். விரல் ஒட்டியது. எழுத்துகளின் இடுக்கில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் உறைந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், சால்னா. திரையில் விண்டோஸ் அப்போதுதான் பிறந்ததுபோல் வெறுமையாக இருந்தது. முன்பு அதில் இருந்த ஐகான்கள் ஒன்றுகூட இல்லை. கார் ரேஸ் கேம் மட்டும் ஒன்று புதிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு விடுமுறை. அன்றைக்குச் சாவி சாருடைய மச்சானிடம் இருக்கும். பரோட்டாவும் சினிமா சிடியுமாக நண்பர்களோடு அங்கே உட்காருவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"சார், யாரோ எதையோ கெடுத்துட்டு விண்டோஸைப் புதுசா போட்டிருக்காங்க" என்றேன்.

சார் வாசல் பக்கம் பார்த்தார். மச்சான் கதவில் சாய்ந்து சாவியால் காது குடைந்துகொண்டிருந்தான். ஒரு நொடி சாரின் முகம் மாறியது. அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் குரலை உயர்த்தினார்.

"செய்யறதையும் செஞ்சிட்டு அடுத்தவங்க மேல பழி போடறியா? உங்க அப்பாவ வரச் சொல்றேன்."

எங்கள் தெருக்கடைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். மதியம் நைனா வந்தார். தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே வந்ததும் வராததுமாகக் கை கூப்பினார்.

"கொயந்த தெரியாம பண்ணிடுச்சி சார். மனசுல வெச்சிக்காதீங்க."

"நைனா, நான் பண்ணல."

"நீ சும்மா இரு."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. குனிந்தபடியே இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டார். மச்சான் காது குடைந்த சாவியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இதை வேடிக்கை பார்த்தான். எனக்கு நிஜமாகவே குமட்டியது. படியிறங்கிப் போய்ச் சாக்கடை ஓரம் நின்றேன். வாந்தி வரவில்லை, எச்சில்தான் ஊறியது.

நைனாவை பஸ் ஏற்றிவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நான் படித்ததில் விஷயம் இவ்வளவுதான்: விண்டோஸைத் திரும்பப் போட்டால் அது டிஸ்கின் முதல் இடத்தில் தன்னை எழுதிக்கொள்ளும். அந்த இடத்தில்தான் பூட் லோடர், அதாவது எந்தப் பக்கம் போவது என்று கேட்கிற சின்ன புரோகிராம், இருக்கும். அது போனால் லினக்ஸுக்குப் போக வழி இல்லை. ஆனால் லினக்ஸ் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும். லினக்ஸ் சிடியைப் போட்டு உள்ளே நுழைந்து பூட் லோடரைத் திரும்ப எழுதிவிடலாம். மனப்பாடம் ஆகும்வரை படித்தேன்.

மறுநாள் காலையில் சாரிடம் போய் அலமாரியில் இருந்த லினக்ஸ் சிடியைக் கேட்டேன்.

"இன்னும் இன்னா கெடுக்கப் போற?"

"எல்லாம் போச்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இனிமே கெட இன்னா இருக்குது?"

சிடியைக் கொடுத்தார். கைக்குட்டையை நனைத்து முதலில் கீபோர்டைத் துடைத்தேன். கைக்குட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சிடியிலிருந்து மெஷின் மெதுவாக எழுந்தது. கட்டளையை அடித்தேன். பிழை என்றது. டிஸ்கில் லினக்ஸ் இருக்கும் பகுதியின் எண்ணைத் தப்பாகக் கொடுத்திருந்தேன்.

"பாத்து, மானிட்டர் வெடிச்சிடப் போவுது" என்றான் பின்னாலிருந்து மச்சான். அவன் மூச்சு என் பின்கழுத்தில் பட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, பகுதிகளை வரிசையாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் எங்கள் பெயர் போட்ட ஃபோல்டர்கள் எல்லாம் இருந்தன. சரியான எண்ணைக் கொடுத்தேன். இந்த முறை பிழை எதுவும் வரவில்லை. சிடியை எடுத்துவிட்டு மெஷினை மறுபடி கிளப்பினேன்.

கறுப்புத் திரை. இரண்டு பெயர்கள்.

வகுப்பே கத்தியது. நாற்காலியை நகர்த்திப் போட்ட தோழி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அவள் கையை எடுத்துவிட்டு விண்டோஸுக்குள் போய் அதன் ஃபோல்டரைத் திறந்தேன்.

"சார், விண்டோஸ் ஃபோல்டரோட தேதியப் பாருங்க. ஞாயித்துக்கெழம."

சார் மவுசைப் பிடுங்கி அந்தப் பக்கத்தை மூடினார். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? சரியாயிடுச்சில்ல, வுடு." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? நான் கத்துக்குடுத்தது வீண் போவல!"

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் சென்டர் மாடிப்படி வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கியது. பக்தர்களை வரவேற்கும் முருகனுக்குக் கீழே என் போட்டோ. சேரும்போது கொடுத்ததைப் பெரிதாக்கி, முகத்துக்கு ரோஸ் நிறம் ஏற்றியிருந்தார்கள். 'எங்கள் லினக்ஸ் சாதனை மாணவி' என்று எழுதியிருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. மஞ்சள் துணி உடுத்திக் காவடி தூக்கிப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

நைனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். சார் அவர் தோளில் கை போட்டு, "அன்னிக்கி நான் திட்டினதே பொண்ணுக்கு ரோஷம் வரணும்னுதான்" என்றார். நைனா தலையாட்டிச் சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "நான் செஞ்சேனான்னு என்ன ஒரு வார்த்த கேட்டியா நைனா?"

"ஆங்… அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சே."

"எதுக்கு மன்னிப்புக் கேட்ட?"

"படிச்சவரு. அவருகிட்ட போயி நாம எதிர்த்துப் பேசிகினு இருக்க முடியுமா?"

மறுநாள் பேனரை எடுக்கச் சொல்லி சாரிடம் கேட்டேன். "உனக்கும்தானேம்மா பேரு?" என்றார். கீழே தையற்கடையில் கத்தரிக்கோல் இரவல் வாங்கினேன். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி ஒரு பக்கக் கயிற்றை வெட்டினேன். பேனர் மடிந்து என் மேலேயே விழுந்தது. புது ஃப்ளெக்ஸின் மண்ணெண்ணெய் நாற்றம் தலைமுடியெல்லாம் ஏறியது. சார் மாடியிலிருந்து, "திமிரப் பாரு, திமிர!" என்று கத்தினார். மறுபக்கத்தையும் வெட்டிவிட்டுக் கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தேன்.

அங்கே பிறகு போகவில்லை. சர்டிஃபிகேட் தரமாட்டேன் என்றார், நானும் கேட்கவில்லை. சில மாதம் வீட்டில் இருந்தேன், பிறகு அரக்கோணத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்த மாதங்கள் முழுக்க நைனா என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கும் பேசத் தோன்றவில்லை.

இப்போது பேசுகிறோம். என் வேலையைப் பற்றிச் சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால் நைனா இன்றைக்கும் முந்திக்கொண்டு சொல்வார்: "திருத்தணில ஒரு சாரு கத்துக்குடுத்தாரு. தங்கமான மனுசன்." நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.