பாம்புக்கு எதிராக ஒரு மனு

கேளம்பாக்கத்தில் எனக்கிருக்கும் அரை ஏக்கரை ஏழு வருடமாகக் காடாக வளர்க்கிறேன். சீமைக்கருவேலத்தைப் பிடுங்கி, நாட்டு மரங்கள் நட்டேன். கீரி, உடும்பு, பாம்பு எல்லாம் குடிவந்துவிட்டன.

இன்று காலை பக்கத்து அடுக்ககத்தின் செயலாளர் கேட்டைத் தட்டினார். கையில் முப்பது பேர் கையெழுத்திட்ட மனு.

"சார், காட்ட கிளியர் பண்ணிடுங்க. பாம்பு எங்க பார்க்கிங் வரைக்கும் வருது. இல்லன்னா இத கலெக்டர் ஆபீஸ்ல குடுத்துருவோம்."

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அவர் மனைவி பால் சொம்போடும் இரண்டு முட்டையோடும் முன்னால் வந்தார்.

"அண்ணா, கொஞ்சம் கேட்டத் திறங்களேன். ஆடி வெள்ளி, புத்துக்குப் பால் ஊத்தணும். இந்த ஏரியாவுலயே உங்க இடத்துலதான் புத்து இருக்கு."

நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் என்னிடமே பேனா வாங்கி, மனுவின் அடியில் எழுதினார்: 'புற்றை மட்டும் விட்டுவிடவும்.'

"அப்போ பாம்பு?"

"அது வேணாம் சார். புத்து இருந்தா போதும்."

கேட்டைத் திறந்துவிட்டேன். அந்த அம்மா பாலை ஊற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"தாயே, எப்பவும் எங்க கூடவே இரும்மா!"

அடுத்த முறை பார்க்கிங்கில் பாம்பு வந்தால், அதைக் கூப்பிட்டது யார் என்று நானும் ஒரு மனு எழுதப்போகிறேன். கையெழுத்துப் போட யார் யார் வருகிறீர்கள்?