கம்பெனி பஸ்ஸில் கொடுத்த மைசூர்பாகு

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கம்பெனி பஸ்ஸில் யாரோடும் அதிகம் பேச மாட்டேன். யார் வீட்டுப் பிள்ளை பாஸானாலும் அந்த பஸ்ஸில் இனிப்பு கொடுப்பது எங்கள் வழக்கம்.

போன வருடம் என் மகள் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதினாள். ரிசல்ட் வந்ததும் அவள் செல்போனில் எண்பத்தெட்டு என்று பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளே மைசூர்பாகு வாங்கிப்போய், "பாப்பா பெரிய காலேஜுக்குப் போறா" என்று பஸ் முழுக்கக் கொடுத்தேன்.

"வாயே தொறக்காத மனுஷன் இன்னிக்கு ரேடியோ மாதிரி பேசறாரே!" என்று டிரைவர் சிரித்தார்.

சாயங்காலம் வீட்டில் சொன்னதும் மகள் அழுதுவிட்டாள். "அது மார்க் இல்லப்பா. எழுதுன நூறு பேர்ல எண்பத்தெட்டு பேரைத் தாண்டியிருக்கேன், அவ்ளோதான். பெரிய காலேஜுக்கெல்லாம் அது பத்தாது."

அதே ரிசல்ட்டைப் பார்த்து சேலத்தில் ஒரு நல்ல கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அவள் போகவில்லை. "நம்ம ஏரியாவுல இருக்கற உங்க பஸ்காரங்க என்னைப் பாக்கறப்பெல்லாம் எந்த காலேஜ்னு கேக்கறாங்க. இதைச் சொன்னா சிரிப்பாங்கப்பா" என்றாள். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை.

இப்போது ஒரு கடையில் பில் போடுகிறாள். இந்த வருடம் தேர்வு எழுதவில்லை.

பஸ்ஸில் யாராவது இனிப்பு நீட்டினால், "பிள்ளைக்குச் சந்தோஷந்தானே?" என்று கேட்ட பிறகுதான் இப்போதெல்லாம் கை நீட்டுகிறேன்.